கல்லூரி மாணவரின் பசியும் அரசின் கருவூலமும்: அமெரிக்க வரலாறு தரும் படிப்பினை

கல்விக்கு உதவுதல் என்று சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவன கட்டணமும் புத்தகமுமே. கற்க வந்த பிள்ளை மூன்று வேளையும் உண்டதா என்ற கேள்வி நம்முள் எளிதில் எழுவதில்லை. அது வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று எண்ணி அமைதி கொள்கிறோம். இத்தகைய எண்ணம் தனி மனிதர் ஒருவரின் உள்ளத்தில் இருக்கும்வரை அதனால் விளையும் கேடு சிறியது. அதுவே ஒரு நாட்டின் சட்டத்தில் ஏறி அமர்ந்துவிட்டால், பல இலட்சம் பேரின் வயிற்றை அது வாட்டிவிடும். உலகின் செல்வ நாடுகளுள் முதன்மையானதாகிய அமெரிக்காவில் அவ்வாறே நிகழ்ந்தது. அவ்வரலாற்றை வாசகர்களின் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமெரிக்கக் கல்வித் துறை 2019–20ஆம் கல்வியாண்டில் நடத்திய நாடு தழுவிய மாணவர் ஆய்வில், அவர்களது உணவு நிலையும் முதன்முறையாகக் கேட்டறியப்பட்டது. பட்டப்படிப்பு நிலையில் பயில்வோருள் 23 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 38 இலட்சம் பேர், உணவுப் பாதுகாப்பு அற்றவர்கள் எனத் தெரியவந்தது. உணவுப் பாதுகாப்பின்மை என்பது முழுப் பட்டினியை மட்டும் குறிப்பதன்று. கையில் உள்ளது மாத முடிவு வரை வருமா என்ற கவலை, சத்தைப் பாராமல் மலிவானதையே உண்ணும் நிலை, வேளை உணவைக் குறைத்தல், அடியோடு தவிர்த்தல் என்று அதற்குப் பல படிகள் உண்டு. மேற்கூறியவர்களுள் 22 இலட்சம் பேர், பணம் இல்லாமையால் உணவைக் குறைத்தோ தவிர்த்தோ வந்தவர்கள் ஆவர். நூலகங்களும் ஆய்வுக்கூடங்களும் நிறைந்த வளாகங்களில் இப்படியொரு பசி எவ்வாறு குடியேறியது?

கட்டடத்தோடு அடுக்களையும்

கற்போரின் உணவைப் பொதுச் செல்வத்திலிருந்து வழங்குவது உலகிற்குப் புதிய செய்தி அன்று. பாக்தாது நகரில் கலீஃபா முஸ்தன்ஸிர் அவர்கள் எழுப்பி, ஹிஜ்ரி 631, அதாவது கி.பி. 1234இல் திறந்து வைத்த முஸ்தன்ஸிரிய்யா மத்ரஸா இதற்குத் தக்க சான்றாகும். நான்கு மத்ஹபுகளுக்கும் தலைக்கு 62 பேர் வீதம் 248 மாணவர்கள் அங்கே பயில வகை செய்யப்பட்டிருந்தது. அவர்களுக்கு ரொட்டியும் இறைச்சியும் மாதந்தோறும் ஒரு தங்க தீனாரும் வக்ஃபு வருமானத்திலிருந்து வழங்கப்பட்டன. கெய்ரோவின் அல்அஸ்ஹரிலும் மாணவர்க்கு நாள்தோறும் ரொட்டி வழங்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. அங்கெல்லாம் கல்விக்கூடத்தை நிறுவியவர்கள் கட்டடத்தை எண்ணியபோதே அடுக்களையையும் எண்ணினார்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளின் தொடக்கம் வேறு வகையானது. 1862ஆம் ஆண்டு அதிபர் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மோரில் சட்டம், மாநிலங்களுக்கு அரசு நிலங்களை வழங்கி, அவற்றை விற்ற பணத்தைக் கொண்டு கல்லூரிகள் அமைக்கச் செய்தது. வேளாண்மையும் பொறியியலும் எளிய மக்களின் பிள்ளைகளை எட்டியது இச்சட்டத்தின் நற்பயன் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாணவரின் அன்றாட உணவு அச்சட்டத்தின் பொருளாக அமையவில்லை. அது குடும்பத்தின் பொறுப்பு அல்லது மாணவரின் சொந்த உழைப்பின் பொறுப்பு என்று விடப்பட்டது.

போர்வீரர் மாணவரானபோது

இந்த வழக்கத்தை உடைத்தது இரண்டாம் உலகப் போர். போரிலிருந்து திரும்பும் பல இலட்சம் வீரர்கள் வேலையின்றித் தெருவில் நிற்கும் நிலை வருமோ என்று அஞ்சிய அமெரிக்க அரசு, 1944 ஜூன் 22 அன்று படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மக்கள் வழக்கில் அதற்கு ஜி.ஐ. மசோதா என்று பெயர். ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் அரசே ஏற்றது. அத்துடன் நில்லாமல், தனியாளுக்கு மாதம் 50 டாலரும் குடும்பம் உடையவருக்கு 75 டாலரும் வாழ்க்கைப் படியாக வழங்கியது. அத்தொகை பின்னர் உயர்த்தவும் பட்டது.

சுமார் 22 இலட்சம் முன்னாள் வீரர்கள் இச்சட்டத்தின் துணையால் கல்லூரிகளில் பயின்றனர். 1947ஆம் ஆண்டில் கல்லூரியில் சேர்ந்தவர்களுள் ஏறக்குறைய பாதிப் பேர் அவர்களே. இதில் குறை இல்லாமல் இல்லை. நிறவெறி ஆட்சி செய்த தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்கள் பலருக்கு இந்த உரிமை ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. எனினும் நம் பொருளுக்கு முதன்மையான செய்தி வேறொன்று. சட்டம் இயற்றியவர்களின் மனக்கண்முன் நின்ற மாணவர் வளர்ந்த மனிதர். மனைவி மக்கள் உடையவர். தந்தையின் பணப்பையை நம்பி இராதவர். எனவே அவருக்குக் கட்டணம் மட்டும் போதாது, உணவுக்கும் வழி வேண்டும் என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எத்தகைய மாணவரை அரசு மனத்தில் கொள்கிறதோ, அத்தகைய உதவியே அவருக்குக் கிட்டும். இந்த வரலாறு முழுவதையும் திறக்கும் சாவி இதுவே.

இரு திட்டங்களும் இடையில் ஒரு பள்ளமும்

1946ஆம் ஆண்டின் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு நிதியில் உணவு தந்தது. இன்று நாள்தோறும் ஏறத்தாழ 3 கோடிப் பிள்ளைகள் அதன்கீழ் உண்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு அது இலவசம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த அன்றே அந்தத் தட்டு அகற்றப்படுகிறது. அதே பிள்ளை, அதே வறுமையுடன், சில மாதங்களில் கல்லூரியில் நுழையும்போது அதற்கு ஈடான உணவுத் திட்டம் எதுவும் இல்லை.

அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிராக அறிவித்த போரில் இரு பெருஞ்சட்டங்கள் பிறந்தன. 1964ஆம் ஆண்டில் ‘ஃபுட் ஸ்டாம்ப்’ எனப்படும் உணவுக் கூப்பன் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் உயர்கல்விச் சட்டம் வந்தது. ஜான்சன் தாம் இளமையில் துப்புரவுப் பணி உள்ளிட்ட வேலைகளைச் செய்து பயின்ற டெக்சாஸ் கல்லூரிக்கே சென்று, 1965 நவம்பர் 8 அன்று அச்சட்டத்தில் கையொப்பமிட்டார். 1972இல் ஏழை மாணவர்க்கான அடிப்படை உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. செனட்டர் கிளேபோர்ன் பெல் அவர்களின் பெயரால் அது பின்னர் ‘பெல் கிராண்ட்’ எனப்பட்டது. பசிக்கு ஒரு சட்டம், கல்விக்கு ஒரு சட்டம் என இரண்டும் அருகருகே நின்றன. பசியோடு கற்பவரோ அவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பள்ளத்தில் விழுந்தார்.

தொடக்கத்தில் அந்தப் பள்ளம் ஆழமாகத் தெரியவில்லை. 1970களின் நடுவில் பெல் உதவித்தொகையின் உச்ச அளவு, அரசுக் கல்லூரி ஒன்றில் கட்டணம், உறைவிடம், உணவு ஆகிய மொத்தச் செலவில் முக்கால் பங்கைத் தாங்கியது. இன்று அது மூன்றில் ஒரு பங்கையும் எட்டுவதில்லை. 2023–24இல் உச்ச அளவு 7,395 டாலர். கட்டணமும் வாடகையும் அதை விழுங்கிவிட்ட பின், உணவுக்கென எஞ்சுவது என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செல்வந்தரின் பிள்ளை என்னும் சித்திரம்

இதற்கிடையே சட்டமன்றத்தாரின் மனத்தில் இருந்த மாணவரின் சித்திரம் மாறிவிட்டது. 1970களின் தொடக்கத்தில், வசதியான வீட்டுப் பிள்ளைகள் கூட்டாகத் தங்கிப் படித்துக்கொண்டு ஏழைகளுக்குரிய உணவுக் கூப்பனை வாங்கி உண்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அத்தகையோர் இருந்தனர் என்பதும், பொதுப்பணத்தைக் காப்பது அரசின் கடமை என்பதும் உண்மையே. ஆனால் அதற்குத் தேடிய மருந்து நோயைவிடக் கொடியதாயிற்று.

1971ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பிய ஒருவரைத் தகுதியற்ற வேறொரு குடும்பத்தார் தம்மைச் சார்ந்தவர் என்று வருமான வரிக் கணக்கில் காட்டினால், அவர் வாழும் வீடு முழுவதற்குமே கூப்பன் மறுக்கப்படும். செல்வந்தரின் கல்லூரிப் பிள்ளையைத் தடுக்க வந்த இவ்விதி யாரைத் தாக்கியது தெரியுமா? இரு மகன்களையும் பத்துப் பேரப்பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அற்ப வருமானத்தில் வாழ்ந்த ஓர் ஏழைத் தாயை! பிரிந்து சென்ற கணவர் தம் வரிக் கணக்கில் மகன்களைக் காட்டினார் என்பதால், அந்த வீட்டின் அடுப்பு அணைந்தது. 1973இல் உச்ச நீதிமன்றம் இவ்விதியைச் செல்லாது என அறிவித்தது. வசதியுள்ள ஒருவரின் வரிக் கணக்கில் பெயர் இருப்பதால் மட்டும் ஒருவர் பசியற்றவர் ஆகிவிடமாட்டார் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வந்தும் சந்தேகம் அகலவில்லை. 1977ஆம் ஆண்டின் புதிய உணவுக் கூப்பன் சட்டத்திலும் மாணவர் மீது கட்டுப்பாடுகள் இருந்தன. 1980ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை மேலும் இறுக்கியது. பாதி நேரத்திற்குக் குறையாமல் கல்லூரியில் பயிலும் மாணவர், குறிப்பிட்ட விலக்குகளுள் ஒன்றையேனும் பெறாவிட்டால், எவ்வளவு வறியவராயினும் கூப்பனுக்குத் தகுதியற்றவர் ஆனார். இன்று 18 முதல் 49 வயது வரையினர்க்குப் பொருந்தும் அவ்விதியில் விலக்குகள் சில உண்டு. வாரம் 20 மணி நேரம் கூலி வேலை பார்ப்பவர், அரசின் உதவியுடன் நடைபெறும் ‘படிப்புடன் பணி’ திட்டத்தில் இருப்பவர், ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தையை வளர்ப்பவர் முதலானோர் அவ்வகையினர்.

ஒரே வருமானமும் ஒரே வறுமையும் உடைய இருவருள் கல்லூரியில் சேர்ந்தவர்க்கு மட்டும் இக்கூடுதல் தடை. அதைத் தாண்ட வேண்டுமானால் வாரத்தில் 20 மணி நேரம் உழைக்க வேண்டும். அவ்வாறு உழைப்பவருக்குப் படிக்க நேரம் குறைகிறது. படிக்க நேரம் ஒதுக்குபவருக்கு உணவு குறைகிறது.

மாணவர் மாறினர், விதி மாறவில்லை

ஸ்னாப் என்று 2008இல் பெயர் மாற்றம் பெற்ற இத்திட்டத்தில் பெயர் மாறிற்றே தவிர மாணவர் விதி மாறவில்லை. மாணவர்களோ பெரிதும் மாறிவிட்டனர். நாடாளுமன்றத்திற்காகத் தணிக்கையும் ஆய்வும் செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், 2018 டிசம்பரில் ஓர் அறிக்கை தந்தது. கல்லூரி மாணவருள் ஏறக்குறைய பாதிப் பேர் பெற்றோரின் பொருளைச் சாராதவர்கள். 22 விழுக்காட்டினர் தாமே பிள்ளைகளை வளர்ப்பவர்கள். 1980இன் சட்டம் வரைந்த செல்வந்தரின் பிள்ளை எங்கே, இவர்கள் எங்கே?

அதே அறிக்கை இன்னொன்றையும் வெளிக்கொணர்ந்தது. வறுமை முதலிய இடர்களுக்கு உட்பட்டு, விதிவிலக்கின்படி ஸ்னாப் பெறத் தகுதி இருக்கக்கூடிய மாணவர்களுள் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் 2016ஆம் ஆண்டில் அதைப் பெறவில்லை. விதி சிக்கலானது, விலக்குகள் பலருக்கும் தெரியாதவை. மாணவருக்கு ஒன்றும் கிடையாது என்ற பேச்சு மட்டும் எங்கும் பரவியிருந்தது. உரிமை உள்ளவரும் கேட்கத் துணியவில்லை.

அலமாரியிலிருந்து கருவூலத்திற்கு

அரசு காணாததை முதலில் கண்டவர்கள் மாணவர்களே. 1993ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் உணவு வங்கி தொடங்கப்பட்டது. அரிசி, பயறு, டப்பா உணவு ஆகியவற்றைத் திரட்டி அலமாரியில் அடுக்கி, தேவைப்படுவோர் எடுத்துச் செல்ல வழி செய்தனர். 2012இல் அப்பல்கலைக்கழகமும் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகமும் இணைந்து, இத்தகைய உணவு வங்கிகளுக்கென ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. 2018க்குள் 650க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் சேர்ந்தன. இப்பெருக்கத்தை ஈகையின் வெற்றி என்று போற்றலாம். பசி எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி என்பதையும் மறத்தலாகாது.

கொடையாளரின் உள்ளம் எவ்வளவு விரிந்ததாயினும் அலமாரிக்கு எல்லை உண்டு. தேர்வுக் காலத்தில் அது காலியாகலாம், விடுமுறையில் பூட்டப்படலாம். எனவே எண்ணிக்கையுடன் அரசின் கதவைத் தட்டும் முயற்சி தொடங்கியது. சமூகவியல் அறிஞர் சாரா கோல்ட்ரிக்-ராப் போன்றோர் மாணவர் பசியை ஆய்வுப் பொருளாக்கி நாட்டின் முன் வைத்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அதன் மாணவருள் 42 விழுக்காட்டினர் உணவுப் பாதுகாப்பு அற்றவர்கள் எனக் கண்டது. உலகப் புகழ் பெற்ற அப்பல்கலைக்கழகமே இவ்வாறு ஒப்புக்கொண்டபின் மறுத்துரைக்க வழியில்லாமற் போயிற்று.

2017இல் கலிபோர்னியா மாநில அரசு, பசியற்ற வளாகத் திட்டத்திற்கென 75 இலட்சம் டாலர் ஒதுக்கியது. பல்கலைக்கழகம், மாநிலப் பல்கலைக்கழகம், சமுதாயக் கல்லூரிகள் ஆகிய மூன்று அமைப்புகளுக்கும் ஆளுக்கு 25 இலட்சம் டாலர். வளாகத்தில் உணவு வங்கி வைத்தல், ஒருவர் உண்ணாத உணவுச் சீட்டை மற்றவர்க்கு அளிக்க வழிசெய்தல், அரசின் உணவு உதவிக்கு விண்ணப்பிக்கத் துணைசெய்யும் பணியாளரை நியமித்தல் ஆகியவை அதன் கூறுகள். 2019இல் நியூ ஜெர்சி மாநிலம் இத்தகைய சட்டம் இயற்றி 10 இலட்சம் டாலர் ஒதுக்கியது. மேலும் சில மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. 2021இல் கலிபோர்னியா, தன் சமுதாயக் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் அடிப்படைத் தேவைகள் மையம் அமைய வேண்டும் என்று சட்டமாக்கி, ஆண்டுதோறும் 3 கோடி டாலர் வழங்க முன்வந்தது.

இவற்றுள் நம் கருத்தைக் கவர்வது அந்தப் பணியாளர் நியமனமே. ஓர் உணவுப் பொட்டலம் ஒரு நாள் பசியைத் தீர்க்கும். உரிய விண்ணப்பத்தை நிரப்பித் தருபவரோ பல மாதப் பசியைத் தீர்க்கிறார்.

பெருந்தொற்றும் திறந்து மூடிய கதவும்

2020இல் கொரோனா பெருந்தொற்று வளாகங்களை மூடியது. மாணவர்கள் பகுதி நேரமாகப் பணியாற்றிய உணவகங்களும் கடைகளும் மூடப்பட்டன. வாரம் 20 மணி நேர வேலைக்கு எங்கே போவது? அவ்வாண்டு மார்ச்சில் வந்த நிவாரணச் சட்டத்தின்கீழ் 600 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை மாணவர்களுக்கே நேரடி உதவியாக ஒதுக்கப்பட்டது. அதைச் செலவிடத்தக்க இனங்களுள் உணவும் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தது. டிசம்பரில் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் ஸ்னாப் விதியைத் தளர்த்தியது. குடும்பத்தால் ஒரு டாலர்கூடத் தர இயலாது எனக் கணக்கிடப்பட்ட மாணவர்களும், ‘படிப்புடன் பணி’ திட்டத்திற்குத் தகுதி இருந்தும் பணி கிட்டாதவர்களும் 2021 ஜனவரி 16 முதல் உணவு உதவி பெறலாயினர்.

நாற்பது ஆண்டுகளாக அசையாத கதவு இவ்வாறு திறந்தது. ஆனால் அது தற்காலிகச் சலுகையே. பெருந்தொற்று நெருக்கடி முடிந்ததென அரசு அறிவித்ததும், 2023 ஜூன் மாதத்தில் புதிய விண்ணப்பதாரர்களுக்கு அது மீண்டும் மூடப்பட்டது. பெருந்தொற்றுக்கு முன்பே பசித்திருந்தவரின் பசி, பெருந்தொற்றுடன் முடிந்துவிடுமா? 2024இல் பொறுப்புடைமை அலுவலகம் தந்த மற்றோர் அறிக்கை, ஸ்னாப் பெறத் தகுதி இருக்கக்கூடிய 33 இலட்சம் மாணவருள் 59 விழுக்காட்டினர் 2020இல் அதைப் பெறவில்லை என்று கூறிற்று. 2025 ஜூலையில் வந்த சட்டமோ, ஸ்னாப் திட்டத்தின் பொதுவான வேலை நிபந்தனைகளை இறுக்கி, செலவில் ஒரு பகுதியை மாநிலங்களின் தலையில் ஏற்றியது. மாநிலங்களின் சுமை கூடும்போது வளாக உணவுத் திட்டங்களுக்கான நிதியும் நெருக்கடிக்கு உள்ளாகக்கூடும்.

நாம் பெறும் படிப்பினை

இவ்வரலாற்றிலிருந்து நாம் உணர வேண்டியவை சில உண்டு. கல்விக்கான உதவியில் உணவு தானாக அடங்கிவிடாது. பெயர் சொல்லி எழுதினால்தான் அது அங்கே இருக்கும். 1944இல் எழுதினார்கள், இருந்தது. 1965க்குப் பின் கட்டணம் ஏறியபோது, அந்த உதவித்தொகையில் முதலில் கரைந்தது உணவின் பங்கே.

தகுதியற்ற சிலர் பெற்றுவிடக் கூடாது என்பதையே நோக்கமாகக் கொண்டு விதி வகுத்தால், தகுதியுள்ள பலர் வெளியே நிற்க நேரும். பொதுப்பணத்தைப் பேணுவோர்க்கு எச்சரிக்கை வேண்டும். ஆனால் அந்த எச்சரிக்கை பசித்தவரின் தட்டின்மீது வைக்கப்படும் பூட்டாக மாறிவிடலாகாது.

எல்லாவற்றிற்கும் மேலாக, உதவுவோர் தாம் உதவ விரும்பும் மாணவர் யார் என்பதை அவ்வப்போது நேரில் கண்டறிய வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய பிள்ளைக்கு உதவ இயலாது. வீட்டிலிருந்து பணம் வரும் என்று நாம் எண்ணும் பிள்ளை, வீட்டிற்குப் பணம் அனுப்பும் பிள்ளையாகவும் இருக்கலாம். பசித்த பிள்ளை அதைத் தானாக வந்து சொல்லாது. படிக்க வந்த இடத்தில் பசியைச் சொல்ல நாணும்.

ஆகவே கல்வி உதவி வழங்கும் எவராயினும், அரசாயினும் அறக்கட்டளையாயினும் தனி மனிதராயினும், கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதும் அதே தாளில், உணவுக்கு என்ன செய்கிறாய் என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கேட்போமாக! அந்த ஒரு வரியை எழுத மறந்ததன் விளைவையே ஒரு பெருநாடு இன்றும் இலட்சக்கணக்கான இளைஞரின் வெறும் வயிற்றில் கண்டுகொண்டிருக்கிறது.